ராகு காலத்தில் வந்த டெண்டர்

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பர்ச்சேஸ் செக்‌ஷனில் இப்போது உதவியாளராக இருப்பவள். ஏதாவது சிக்கினால் என்னைக் கூப்பிடுவாள்.

"மேடம், டெண்டர் எல்லாம் இப்ப ஆன்லைன்லதானுங்க. வாரம் பூரா சைட்டு சும்மா கெடக்குது. கடைசி நாள்ல ஒரே ஒரு மணி நேரம் எல்லாரும் சேந்து வந்து உழுந்தர்றாங்க. சைட்டு படுத்துக்குது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க சர்வர் பத்தலைங்கறாங்க. ஏனுங்க மேடம் இப்பிடி ஆகுது?"

"கண்ணு, உன்ற மேசைக்கு எதுக்கால காலண்டர் மாட்டியிருக்குதா?"

"இருக்குதுங்க."

"அந்தத் தேதியில நல்ல நேரம்னு என்ன போட்டிருக்குதுன்னு பாரு."

காலண்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்திருப்பார்கள். அப்போதுதான் அவளிடம் ரங்கசாமி சார் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளை மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார். மீதியைப் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் வால்பாறையில் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் தேயிலைக் கொழுந்துக் காட்டில் வேலை பார்த்தவர்கள். பள்ளிக்கூடம் முடித்து, டைப்பிங் பாஸ் செய்து, மலைப் பாதைப் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே கீழே இறங்கி, கோயமுத்தூரில் பல்கலைக்கழகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அடித்தேன், திட்டு வாங்கினேன், மறுபடி அடித்தேன். பிறகு பர்ச்சேஸ் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அங்கே துணைப் பதிவாளராக இருந்தவர்தான் ரங்கசாமி சார்.

பியூனைக்கூட 'வாங்க, போங்க' என்று பேசுகிற மனிதர். ஆனால் அந்த 'ங்க'வை நம்பி யாரும் சலுகை கேட்டுவிட முடியாது. "முடியாதுங்க" என்று அவர் சொன்னால், அதற்கு மேல் ஏறிப் போக வழி இருக்காது. டெண்டர் நேரம் முடிந்து மூச்சு வாங்க ஓடிவந்த ஒருவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, உறையை மட்டும் வாங்காமல் அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

டெண்டர் திறப்பது அவருக்கு ஒரு பூசை மாதிரி. வராந்தாவின் கோடியில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி இருக்கும். தபால்பெட்டிக்கு இருப்பதுபோல மேலே ஒரு வாய். இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று கணக்குப் பிரிவில். நேரம் முடிந்ததும் வாயில் தாளை ஒட்டிவிட்டு, பெட்டியை உள்ளே தூக்கி வந்து, எல்லார் முன்னாலும் திறப்பார். உறைகளை எடுத்ததும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார். "பாத்துக்குங்க, உள்ளார ஒண்ணும் இல்லீங்க." ஒவ்வோர் உறையின் அரக்கு முத்திரையையும் வந்திருப்பவர்களுக்குக் காட்டுவார். முத்திரையை உடைக்கமாட்டார். உறையின் இடது ஓரத்தைப் பேனாக்கத்தியால் நறுக்குவார். விலையை எண்ணிலும் எழுத்திலும் வாசிப்பார். அடித்துத் திருத்திய இடம் இருந்தால் அதைச் சுற்றி வட்டம் போடுவார். கடைசியில் காலி உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்தபிறகுதான் அடுத்ததை எடுப்பார். கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பேன். இப்போது நினைத்தால் அந்தக் கொட்டாவிக்காக வெட்கமாக இருக்கிறது.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. ராகு காலத்தில் கையெழுத்துப் போடமாட்டார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் பழைய ஃபைல் படிப்பார், டிராயரை ஒழுங்கு செய்வார், புதன்கிழமை என்றால் சாப்பிடப் போய்விடுவார். "அந்நேரத்துல லெட்டரக் கொண்டுபோயி மேசமேல வெக்காதீங்க அம்மணி" என்று பியூன்தான் முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். டெண்டர் பெட்டி மூடும் நேரத்தையும் சார் அப்படித்தான் வைப்பார். வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானம் மூன்று மணி. காலையில் நல்ல நேரத்தில் போடுகிறவர்கள் போடலாம். தவறவிட்டால் ராகு காலம் கழிந்த பிறகு வந்து போடலாம். இது எந்த விதியிலும் இல்லை. மூச்சு விடுவதை யாராவது விதியில் எழுதி வைப்பார்களா?

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் எங்கள் வராந்தாவைப் பார்க்க வேண்டும். பெட்டிக்கு முன்னால் வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாகக் கூட்டம். எல்லாருக்கும் பவுண்டரி, மில், பம்புசெட் என்று ஏதோ ஒரு தொழில். எல்லாருக்கும் ஊரில் தோட்டம். ஒருவருக்கொருவர் மாமன், மச்சான். அவர்களில் பெரியவர் சென்னியப்பன். பெருந்துறையில் ஃபேக்டரி வைத்திருந்தார். அவர் உறையைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டதும், மற்றவர்கள் வரிசையாகப் போடுவார்கள். பிறகு எல்லாரும் கீழே டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

அவர்கள் போனபிறகு, மாடிப்படி ஓரத்தில் நோட்டீஸ் போர்டைப் படித்துக்கொண்டு நின்றிருந்த ஜேக்கப் மெதுவாக வந்து தன் உறையைப் போடுவார். துடியலூரில் சின்னப் பட்டறை வைத்து, ஆய்வகங்களுக்கு ஓவன் செய்து கொடுப்பவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இவர்களைப் போன்றவர்களின் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். யாரும் அவரைத் தள்ளியதில்லை. அவரே நகர்ந்து நிற்பார். அவர் உறை போடும்போது பெரும்பாலும் ராகு காலம் ஆரம்பித்திருக்கும். கிறிஸ்தவர், அவருக்கென்ன ராகு காலம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் முரளி வந்தார். கம்ப்யூட்டர் துறையில் இளம் விரிவுரையாளர். துணைவேந்தர் அவரிடம் டெண்டரைக் கம்ப்யூட்டரில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். முரளி சொன்ன காரணம் நியாயமானது. "கீழ டீக்கடையில உக்காந்து யார் என்ன விலை போடறதுன்னு பேசி வச்சுக்கறாங்க சார். அவங்கவங்க இடத்துலேர்ந்து அனுப்பினா அந்தப் பேச்சு குறையும்." அது உண்மை என்பது டீ மாஸ்டருக்கே தெரியும்.

ஏற்பாடு இதுதான். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு கம்ப்யூட்டர். அதனோடு மோடம் என்ற சின்னப் பெட்டி, ஒரு டெலிபோன் லைன். டெண்டர் போடுகிறவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து அந்த நம்பருக்கு டயல் செய்து, கேட்கிற விவரங்களையும் விலையையும் அடித்து அனுப்பவேண்டும். நேரம் முடியும்வரை விலையை யாரும் பார்க்க முடியாது. கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் கிராஸ்கட் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய் அனுப்பலாம்.

ரங்கசாமி சார் எதிர்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இதக் கவுத்துக் காட்டறது எப்பிடிங்க?"

முரளி முழித்தார். பிறகு யோசித்து, ஆரம்பிக்கும்போது திரையில் எதுவும் இல்லை என்று எல்லாருக்கும் காட்டுகிற ஒரு பக்கத்தைச் செய்து கொண்டுவந்தார். சாருக்கு அன்றிலிருந்து அவரைப் பிடித்துவிட்டது.

முதல் டெண்டர் ஓவன். எல்லா ஆய்வகங்களுக்கும் சேர்த்து ஒரு வருடத்துக்கானது. மத்தியானத்தில் அந்த டெலிபோன் லைன் நூலகத்துக்கு வேண்டும் என்று முரளி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே முடிவதாக வைத்துவிட்டார். நோட்டீஸை நான்தான் டைப் அடித்தேன். சார் கையெழுத்துப் போட்டார். எங்கள் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதற்கு முந்தின வாரம் ஜேக்கப் வந்திருந்தார். அந்த நாளில் மில்கள் ஒன்றொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மில் வேலை நின்றுபோய் அவருடைய பட்டறை எங்கள் ஓவனை மட்டும் நம்பி ஓடியது. "இந்த ஆர்டர் வரலீனா பட்டறையச் சாத்திப்போடறதுங்க அம்மணி. ஒரு பம்பு கம்பெனில பிட்டர் வேலைக்குக் கூப்புடறாங்க. என்னோட இருக்கற பசங்களத்தான் எங்க அனுப்பறதுன்னு தெரியல" என்றார். அழுகையில்லை, புலம்பலில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் முரளியும் மோடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். சென்னைக் கம்பெனி ஒன்று முந்தின நாளே அனுப்பிவிட்டது. நல்ல நேரம் ஆரம்பித்ததுதான் தெரியும், மோடத்தில் விளக்கு மின்ன ஆரம்பித்தது. ஒருவர் உள்ளே வந்துவிட்டால் விலை அடித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பழக்கமில்லாத கை, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்துகிற கை. அதற்குள் மற்றவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான். பாதியில் அறுந்தவையும் உண்டு. செக்‌ஷனிலிருந்து பியூன் ஓடி வந்தார். "மேடம், லைன் கெடைக்கலன்னு எல்லாரும் நம்ம செக்‌ஷனுக்குப் போன் பண்ணிச் சத்தம் போடறாங்க!" முரளிக்கு வியர்த்தது. அந்த நேரத்தில் முழுதாக உள்ளே வந்தது ஒரே ஓர் உள்ளூர்க்காரர்.

பிறகு சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. விளக்கு மின்னவில்லை. முரளி லைன் செத்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தார். டயல் டோன் அருமையாக வந்தது.

"இப்ப ஃப்ரீயாத்தானே இருக்கு? ஏன் மேடம் ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்க?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "ராகு காலமுங்க சார்."

அவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்குத்தான் ராகு காலம் முடியும், பன்னிரண்டு மணிக்குத்தான் கம்ப்யூட்டரும் கதவைச் சாத்தும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தவர். கரண்டு போனால் என்ன, லைன் அறுந்தால் என்ன என்று யோசித்தவர். இதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"லைன் ஃப்ரீன்னு கூப்பிட்டுச் சொல்லிடலாமா?" என்று ரங்கசாமி சாரிடம் ஓடினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தரக் கூப்புட்டா எல்லாத்தையும் கூப்புடோணுமுங்க. நாளைக்கு இன்னொருத்தர் எனக்கு மட்டும் ஏன் சொல்லலீன்னு கேப்பாரு. டெண்டர் நடக்கறப்ப நாம வாயத் தொறக்கக் கூடாது தம்பி." திரும்பி வந்து, சும்மா கிடக்கிற அந்த லைனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போது விளக்கு மின்னியது. கீச்சென்று மோடம் கத்தியது. ஒரே ஓர் அழைப்பு. திரையில் பெயர் வந்தது. துடியலூர் ஜேக்கப்.

கிராஸ்கட் ரோட்டு சென்டரிலும் காலையில் அதே கூட்டமாம். வழக்கம்போல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாராம். ராகு காலம் வந்ததும் எல்லாரும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். காலியாகக் கிடந்த நாற்காலியில் இவர் உட்கார்ந்து அனுப்பிவிட்டார்.

மூன்று பேர் விலை. அன்று மாலையே கமிட்டி கூடியது. ஜேக்கப் விலைதான் குறைவு. அவர் ஓவன் நன்றாக உழைக்கும் என்று ஆய்வகங்களும் எழுதியிருந்தன. கமிட்டி ஒப்புக்கொண்டது. ஆர்டர் டைப் அடித்து சார் கையெழுத்துப் போட்டு அனுப்புவதுதான் பாக்கி.

அதற்குள் புகார் வந்துவிட்டது. இயந்திரக் கோளாறால் தங்களால் கலந்துகொள்ள முடியவில்லை, ரத்து செய்து மறுபடி டெண்டர் விட வேண்டும் என்று சென்னியப்பன் முதலாக எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சார் ஆர்டரை நிறுத்தி வைத்தார். புதன்கிழமை காலை எல்லாரையும் வரச் சொன்னார், ஜேக்கப்பையும் சேர்த்து.

நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். ஜேக்கப் அறையிலும் கதவோரம்தான் நின்றார். "உக்காருங்க ஜேக்கப்" என்று சார் இரண்டு தரம் சொன்னபிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

முரளி நேராகச் சொன்னார். "காலையில லைன் ஜாம் ஆனது உண்மை சார். ஒரு லைன் பத்தாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆனா அதுக்கப்புறம் பன்னெண்டு மணி வரைக்கும் லைன் சும்மாதான் இருந்தது."

சார் எல்லாரையும் பார்த்தார். "அந்நேரத்துல நீங்க யாராச்சும் டயல் பண்ணிப் பாத்தீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் பண்ணலீங்கறத ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா ஃபைல்ல வெச்சர்றனுங்க. ரத்து பண்றதுக்கு எனக்கொரு காரணம் வேணுமல்ல?"

ஆளுக்கொரு தாளை நான்தான் கொடுத்தேன். எல்லாரும் தாளைப் பார்த்தார்கள், ஃபேனைப் பார்த்தார்கள். ஒருவர் பேனா மூடியைத் திறந்து மறுபடி மூடினார். கடைசியில் சென்னியப்பன் தாளை நகர்த்தி வைத்தார். பெரிய மனிதர்தான், மறைக்கவில்லை.

"ராகு காலமுங்க. அத எழுதிக் குடுக்க முடியாதுங்க, சிரிப்பாங்க. ஆனா உங்களுக்குத் தெரியாததா? நீங்களே அந்நேரத்துல கையெழுத்துப் போடமாட்டீங்க. ஜேக்கப்புக்கு அந்த நம்பிக்கை இல்ல, போட்டுட்டாரு. நாங்க பாக்கறவங்க. எங்குளுக்கு அது நஷ்டமாகலாமுங்களா?"

சாரின் முகம் சிவந்தது. அவரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அறையில் இருந்த எல்லாரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது ஜேக்கப் எழுந்தார். "நானும் பாக்கறவந்தானுங்க."

சென்னியப்பன் திரும்பினார்.

"சர்ச்சுக்குப் போறவந்தான். ஆனா பட்டறை ஆரம்பிச்சதே நல்ல நேரம் பாத்துத்தானுங்க. என்ற ஊட்டுல ஒரு ஸ்குரூ வாங்கறதுன்னாலும் காலண்டரப் பாக்காம வாங்கமாட்டாங்க. நல்ல நேரத்துல பெட்டிகிட்ட நீங்கெல்லாம் நிப்பீங்க. உங்க நடுவுல வந்து நிக்க எனக்குக் கூச்சமுங்க. நீங்க போனப்பறம் என்ன நேரம் மிச்சமிருக்குதோ அந்நேரத்துல போட்டுப் பழகிட்டேன். ஒவ்வொரு தடவையும் பயந்துட்டுத்தானுங்க போட்டேன்."

உட்கார்ந்துவிட்டார். நான் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டேன். எஸ்டேட்டில் காலையில் பெயர் கூப்பிடும்போது, யார் முன்னால் நிற்பது, யார் தள்ளி நிற்பது என்று எவரும் சொல்லமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும். என் அப்பா நின்ற இடம் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்நேரம் பார்த்து பதிவாளரின் பியூன் எட்டிப் பார்த்தார். "ஓவன் ஃபைல எடுத்துட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கப்பறம் ஐயா வரச்சொன்னாருங்க. அது வரைக்கும் ஒண்ணும் பண்ண வேண்டாம்னு நெனைக்கறேனுங்க." கடைசி வாக்கியம் அவராகச் சேர்த்ததா, சொல்லி அனுப்பியதா என்று தெரியாது. யாரோ யாருக்கோ போன் போட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. மேலே போனால் அந்த ஃபைல் திரும்பி வராது. ஆனால் கமிட்டி ஒப்புக்கொண்ட ஆர்டரில் கையெழுத்துப் போடும் அதிகாரம் சாருக்கு இருந்தது. போட்டு, தபால் பதிவேட்டில் பதிந்து, கையில் கொடுத்துவிட்டால் பிறகு நிறுத்துவது லேசல்ல.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அறையில் இருந்த எல்லாரும் பார்த்தோம். புதன்கிழமை. பன்னிரண்டு தாண்டியிருந்தது. வழக்கமாக அவர் டிபன் பாக்ஸோடு எழுந்து போயிருக்கவேண்டிய நேரம்.

"அம்மணி, அந்த ஆர்டர அடிச்சுப்போடறீங்களா?"

"இப்பவேங்களா சார்?"

"இப்பவேதானுங்க."

நான் அடித்தேன். தேதியிலேயே தப்பு விழுந்தது. ஒரு தாளைக் கிழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. சார் வாங்கி எப்போதும்போல் முழுதாகப் படித்தார். பச்சை மைப் பேனாவைத் திறந்தார். ஒரு கணம் கண்ணை மூடினார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, முழுப் பெயரும் போட்டார். சென்னியப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கையெழுத்து முடிகிறவரை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு கோபமா மரியாதையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த மாதமே சாரைப் பரீட்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "ராகு காலத்துல போட்டீங்கல்ல சார், வேலையக் காட்டிருச்சு" என்று பியூன் வருத்தப்பட்டார். சார் சிரித்தார். "ஓவன் நல்லா எரியுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். நன்றாகவே எரிந்தது. பட்டறையும் மூடவில்லை.

முரளி அடுத்த டெண்டருக்கு இன்னொரு லைன் வாங்கினார். முடியும் நேரத்தை மூன்று மணிக்கு மாற்றலாமா என்று என்னைக் கேட்டார். மாற்றலாம்தான் என்றேன், ஆனால் நூலகத்துக்காரர்கள் விடவில்லை. அதே வெள்ளிக்கிழமை, அதே பன்னிரண்டு மணி. நல்ல நேரம் வந்ததும் இரண்டு பேரும் பயந்துகொண்டே மோடத்தைப் பார்த்தோம்.

ஒருத்தரையும் காணோம். நல்ல நேரம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. இரண்டு லைனும் சும்மா கிடந்தன. முரளி என்னைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு விளக்கு மின்னியது. துடியலூர் ஜேக்கப்.

ராகு காலம் பிறந்ததும் தொடங்கியது பாருங்கள், இரண்டு லைனும் திணறிப்போயின. ஜேக்கப்புக்கு ஓவன் ஆர்டர் ராகு காலத்தில்தான் விழுந்தது என்பது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அந்த நேரத்தில் லைன் காலியாக இருக்கும் என்றும், அந்த நேரத்தில் போட்டால்தான் யோகம் என்றும் டீக்கடையில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். முரளி நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த டெண்டர் ஜேக்கப்புக்குக் கிடைக்கவில்லை. வேறொருவர் விலை குறைவு. ஆறுதல் சொல்லலாம் என்று இருந்தேன். சாயந்திரம் அவரே வந்தார், கையில் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு. வழக்கம்போல் கதவோரம் நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கெடைக்கலீனு தெரியுமுங்களா?" என்றேன்.

"தெரியுமுங்க அம்மணி. அது அடுத்த தடவ பாத்துக்கலாமுங்க." பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். "இன்னிக்கு நல்ல நேரத்துல போட்டனுங்க. சென்டர்ல ஒருத்தரும் இல்ல. நான் மட்டுந்தான்."